முண்டு மரத்தைப் பத்திரமாக அறுப்பது: கடைசலுக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேம்பு, புளி, தூங்குமூஞ்சி, மா போன்ற மரங்களின் அடித்தண்டில் சில நேரம் பக்கவாட்டில் ஒரு கட்டி புடைத்து நிற்கும். மரம் விழுந்தபின் விறகு வெட்ட வருபவர்கள் அதை முண்டு என்று ஒதுக்கிவிடுவார்கள். ஆப்பு வைத்தாலும் பிளக்காது. கோடாலி இறங்கினால் திரும்ப வராது. கடைசல் வேலை (கட்டையை லேத்தில் சுழலவிட்டு உளியால் வடிவம் எடுப்பது) செய்பவர்களுக்கு மரத்திலேயே மதிப்புள்ள பாகம் அதுதான். வெளிநாடுகளில் பர்ல் என்று தேடித் தேடி வாங்குவதும் இதைத்தான்.

பிளக்காததற்கும் அழகுக்கும் காரணம் ஒன்றே. சாதாரணத் தண்டில் நார் மேலும் கீழுமாக நேரே ஓடும். முண்டில் அப்படி ஓடாது. காயமோ பூச்சியோ பூஞ்சையோ தூண்டிவிட, துளிர்க்காத மொட்டுகள் பட்டைக்கு உள்ளேயே கூட்டமாகப் பெருகும். ஒவ்வொரு மொட்டையும் சுற்றிக்கொண்டு நார் வளரும். அறுத்தபின் சின்னச் சின்னக் கண்களாகத் தெரிவது அந்த மொட்டுகளின் தடம். எல்லா முண்டிலும் கண் இருக்காது. சிலவற்றில் அலையலையான சுழல் மட்டுமே இருக்கும். கடைவதற்கு இரண்டுமே நல்லவை.

ஆனால் அறுக்கும்போது முண்டு மற்ற மரத்தைப்போல அடங்காது. உருண்டையாக இருப்பதால் தரையில் வைத்தால் உருளும். உள்ளே எங்கே பொந்து, எங்கே மடிந்த பட்டை, எங்கே பழைய ஆணி என்று வெளியிலிருந்து தெரியாது. பச்சையாக இருந்தால் பார்வைக்குத் தெரிவதைவிட மிகவும் கனக்கும். ஆகவே ஒரு விதியை மட்டும் கடைசிவரை பிடித்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு வெட்டும் அடுத்த வெட்டுக்கு ஒரு தட்டையான முகத்தைத் தரவேண்டும். மரம் அசையாமல் உட்காராதவரை மெஷினை, அதாவது செயின் சாவை (சங்கிலி ரம்பத்தை), ஸ்டார்ட் செய்யக்கூடாது. கீழே சொல்லியிருக்கும் வரிசை முழுவதும் இந்த விதியிலிருந்து வந்ததுதான்.

எங்கிருந்து எடுப்பது, எதை எடுப்பது

உயிரோடு நிற்கும் மரத்திலிருந்து முண்டைச் சீவி எடுக்காதீர்கள். முண்டு இருப்பதால் மரம் செத்துவிடாது. பெரும்பாலான மரங்கள் அதோடேயே பல பத்தாண்டுகள் வாழும். சீவினால்தான் கேடு. தண்டின் பக்கத்தில் ஒரு அடி அகலத்துக்குக் காயம் பட்டால் மரத்தால் அதை மூட முடியாது. அழுகல் உள்ளே போய், பிறகு ஒரு புயலில் சரியாக அந்த இடத்தில் மரம் முறியும். கலிஃபோர்னியாவின் ரெட்வுட் பூங்காக்களில் பழம்பெரும் மரங்களின் முண்டுகளை இரவில் வந்து திருடி அறுப்பது பெருகியதால், 2014இல் அங்கிருக்கும் நியூட்டன் ட்ரூரி சாலையை இரவு நேரத்தில் மூடவேண்டி வந்தது. ரெட்வுட்டுக்கு அடிமுண்டு என்பது தீயிலோ காற்றிலோ தண்டு போனால் மறுபடி துளிர்க்கும் இடம். அதை அறுத்துக்கொண்டு போவது மரத்தின் மறுபிறப்பையே எடுத்துக்கொண்டு போவது.

நமக்கு அந்த அவசியமே இல்லை. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையிலும், 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவிலும் சாய்த்த மரங்கள் ஏராளம். ஒவ்வொரு மழைக்காலத்திலும் எங்காவது மரம் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. விறகுத்தொட்டி, மரவாடி, செங்கல் சூளைக்கு விறகு ஏற்றும் இடம் ஆகிய மூன்றிலும் சொல்லிவைத்தால் முண்டு வரும்போது எடுத்து வைப்பார்கள். விறகு விலைக்கே கிடைக்கும், ஏனென்றால் அவர்களுக்கு அது பிளக்க முடியாத கட்டை. சாலையோர மரம், ஏரிக்கரை மரம், கோயில் மரம் எதுவும் கீழே விழுந்து கிடந்தாலும் கேட்பாரற்ற பொருளல்ல. உரிய அலுவலகத்தைக் கேட்காமல் கைவைக்காதீர்கள். சந்தனம், செம்மரம், ஈட்டி என்றால் சொந்த நிலத்தில் இருந்தாலும் வனத்துறையிடம் பேசாமல் அறுக்கக்கூடாது.

கிடைத்த முண்டை ஒரு சின்னச் சுத்தியலால் சுற்றிலும் தட்டிப் பாருங்கள். கெட்டியான இடத்தில் ஓசை கணீரென்று வரும். பொந்தோ அழுகலோ இருந்தால் மொத்தென்று கேட்கும். ஆணியைக் குத்திப் பார்த்தால் அழுகிய இடத்தில் பஞ்சில் இறங்குவதுபோல இறங்கும். முண்டின் மேல் ஆழமான மடிப்புகள் இருந்தால் பட்டை அந்த மடிப்பு வழியே உள்ளே போயிருக்கிறது என்று பொருள். கொஞ்சம் இருந்தால் அழகு. முண்டைக் குறுக்கே இரண்டாகப் பிரிக்கும் அளவுக்கு இருந்தால், லேத்தில் சுற்றும்போது அந்தக் கோட்டில்தான் பிய்த்துக்கொண்டு போகும். அப்படிப்பட்டதை முதல் வேலைக்கு எடுக்காதீர்கள்.

அளவு விஷயத்தில் பேராசை வேண்டாம். பச்சை மரம் லிட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ என்று வைத்துக் கணக்கிட்டால், 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள அரைக்கோள முண்டு 7 கிலோ. 40 சென்டிமீட்டர் என்றால் 17 கிலோ. 60 சென்டிமீட்டர் என்றால் 56 கிலோ. பின்னால் ஒட்டியிருக்கும் தண்டுமரத்தின் எடை இதில் சேரவில்லை. விட்டம் இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்காகும். புதியவர்களுக்கு 25 முதல் 35 சென்டிமீட்டர் வரை போதும். ஒருவரே தூக்கித் திருப்பிவைக்கக்கூடிய கட்டைதான் பத்திரமாக அறுக்கக்கூடிய கட்டை.

அறுப்பதற்கு முன் ஆணி தேடுங்கள்

நம் ஊர் மரங்களில் இரும்பு இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். டியூஷன் விளம்பரத் தகடு, கொடிக்கம்பி, துணி காயப்போடும் கம்பி, வேம்பில் நேர்த்திக்கு அடித்த ஆணி என்று எல்லாவற்றையும் மரம் விழுங்கிவிடும். 20 ஆண்டுக்கு முன் அடித்த ஆணி இன்று 5 சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கலாம்.

முதலில் கம்பி பிரஷ்ஷால் மண்ணையும் சிறு கற்களையும் தேய்த்து எடுங்கள். அடிமுண்டின் மடிப்புகளில் கல் பதிந்திருப்பது மிகச் சாதாரணம். ஸ்க்ரூடிரைவரால் நோண்டிப் பாருங்கள். பிறகு கையடக்க மெட்டல் டிடெக்டரால் எல்லாப் பக்கமும் தடவுங்கள். ஆழத்தில் இருப்பதை அது சொல்லாது. ஆகவே ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு புதிதாகத் திறந்த முகத்தில் மறுபடி தடவவேண்டும். கண்ணுக்கும் ஒரு அடையாளம் உண்டு: அறுத்த முகத்தில் நீலக்கறுப்பாக மை கொட்டியதுபோலக் கறை தெரிந்தால் அருகில் இரும்பு இருக்கிறது. மரத்தின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்தால் வரும் கறை அது. புளியிலும் கருவேலத்திலும் இது தெளிவாகத் தெரியும். கறை கண்டால் நிறுத்துங்கள். உளியால் தோண்டி ஆணியை எடுத்தபின் தொடருங்கள்.

கருவியும் உடையும்

14 முதல் 16 அங்குல பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) உள்ள, 40 முதல் 50 சிசி செயின் சா இந்த அளவு முண்டுக்குச் சரி. பெரிய மெஷின் வேலையை விரைவாக முடிக்கும் என்பது உண்மை. ஆனால் உருண்டைக் கட்டையில் அது கையை மீறும். பெட்ரோலும் 2டி ஆயிலும் கலக்கும் விகிதத்தை மெஷினோடு வந்த புத்தகத்தில் பாருங்கள். 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 25:1 என்றால் 40 மில்லி. செயின் ஆயில் தனி. அது குறைந்தால் பார் சூடேறிச் செயின் தளரும். எரிபொருள் ஊற்றும் இடத்திலிருந்து 3 மீட்டராவது தள்ளிப்போய் ஸ்டார்ட் செய்யுங்கள்.

இணையக் கடைகளில் ஆங்கிள் கிரைண்டரில் மாட்டும் செயின் சா பட்டையும் பல்வைத்த வட்டும் மலிவாக வருகின்றன. அவற்றை வாங்காதீர்கள். செயின் பிரேக் கிடையாது. சுவிட்சை அணைத்த பிறகும் சுழலும். இரண்டாவது கைக்குச் சரியான பிடியும் இல்லை. சுழல்நார் கொண்ட மரத்தில் அது கடித்துக்கொண்டால் உங்கள் கையில் இருக்காது.

கால் பாதுகாப்புக்குச் செயின் சா கால்சட்டையோ முன்பக்கம் கட்டிக்கொள்ளும் சாப்ஸோ கட்டாயம். ஜீன்ஸ் அதற்கு மாற்றாகாது. இந்த உடைக்குள் நீண்ட இழைகள் அடுக்கடுக்காக இருக்கும். செயின் பட்டவுடன் இழைகள் உருவி வந்து ஸ்ப்ராக்கெட்டில் (செயினை ஓட்டும் பல்சக்கரத்தில்) சுற்றிக்கொண்டு மெஷினையே நிறுத்திவிடும். வகுப்பு 1 என்று குறித்த உடை விநாடிக்கு 20 மீட்டர் வேகச் செயினுக்குச் சோதித்தது. அது மணிக்கு 72 கிலோமீட்டர். மெஷின் அதைவிட வேகமானதா என்று பார்த்து வகுப்பைத் தேர்ந்தெடுங்கள். வலை முகமூடியும் காதுமூடியும் சேர்ந்த ஹெல்மெட், முன்பக்கம் இரும்பு வைத்த பூட்ஸ், கையுறை. வேட்டி, லுங்கி, துண்டு, தொங்கும் கயிறு எதுவும் உடம்பில் இருக்கக்கூடாது. தனியாக அறுக்காதீர்கள். உடன் இருப்பவர் 3 மீட்டருக்கு வெளியே நிற்கட்டும். ரத்தத்தை அழுத்திக் கட்டும் பெரிய பேண்டேஜ் அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். 108க்கு இடத்தை எப்படிச் சொல்வது என்று முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

செயின் கூராக இருக்கிறதா என்பதைத் தூள் சொல்லும். நல்ல செயின் செதில் செதிலாகத் துப்பும். மாவுபோலப் பொடி வந்தால் மழுங்கிவிட்டது. மழுங்கிய செயினை அழுத்தி அறுப்பதில்தான் பல விபத்துகள் ஆரம்பிக்கின்றன, ஏனென்றால் அழுத்தும் கை, வெட்டு முடியும் நொடியில் மெஷினோடு சேர்ந்து கீழே விழும். முண்டில் செயின் சாதாரண மரத்தைவிட விரைவில் மழுங்கும். எரிபொருள் நிரப்பும் ஒவ்வொரு முறையும் அரம் போடுங்கள். .325 பிட்ச் (செயின் கண்ணியின் அளவு, அங்குலத்தில்) செயினுக்கு 4.8 மில்லிமீட்டர் உருண்டை அரம், சிறிய மெஷின்களில் வரும் லோ புரொஃபைல் 3/8க்கு 4 மில்லிமீட்டர்.

கிக்பேக்: இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள்

பாரின் மூக்கில் மேல் கால்பகுதி மரத்தைத் தொட்டால் செயின் வெட்டுவதற்குப் பதில் ஏறப் பார்க்கும். ஏற முடியாததால் பார் முழுதும் மேலே கிளம்பி, அறுப்பவரின் முகத்தையும் தோளையும் நோக்கித் திரும்பும். இந்தத் திருப்பி உதைப்பதுதான் கிக்பேக். கண்ணிமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும். பார்த்து விலக நேரம் கிடைக்காது.

முண்டில் இதற்கு இரண்டு கூடுதல் வாய்ப்புகள் உள்ளன. பொந்துக்குள் மூக்கு இறங்கி எதிர்ச்சுவரில் படலாம். புடைத்த மேற்பரப்பில் நீங்கள் எதிர்பார்க்காத ஒரு மேட்டில் மூக்கு முதலில் தொடலாம். ஆகவே எப்போதும் பாரின் அடிப்பகுதியை, அதாவது மெஷினுக்கு அருகே இருக்கும் பகுதியை, முதலில் மரத்தில் பதியவையுங்கள். முன்னாலிருக்கும் இரும்புப் பற்களை மரத்தில் ஊன்றி, அதை அச்சாக வைத்து மெதுவாகச் சாயுங்கள். மூக்கு எங்கே இருக்கிறது என்று எப்போதும் தெரிந்திருக்கவேண்டும். இடது கைக் கட்டைவிரல் முன்பிடியைச் சுற்றி வளைத்திருக்கட்டும். விரலை மேலே போட்டுப் பிடித்தால் உதையில் கை நழுவும். தோளுக்குமேல் உயர்த்தி அறுக்காதீர்கள், ஏணியில் நின்று அறுக்காதீர்கள். தலைக்கு நேராகப் பார் வரும்படி குனியாதீர்கள். உடம்பு பாரின் கோட்டுக்கு இடப்புறமாக இருக்கட்டும். வேலை தொடங்குமுன் செயின் பிரேக்கைத் தட்டிப் பார்த்து, செயின் உடனே நிற்கிறதா என்று உறுதிசெய்யுங்கள்.

முதல் வெட்டுகள்: தண்டோடு சேர்த்துத் துண்டாக்குவது

புதியவர்கள் செய்யும் முதல் தவறு, படுத்திருக்கும் மரத்தின் பக்கத்திலிருந்து முண்டை மட்டும் சீவி எடுக்கப் பார்ப்பது. அப்படிச் சீவினால் வெட்டு முடியும் நேரத்தில் முண்டு காலில் விழும். பின்முகம் கோணலாகி எதன்மேலும் உட்காராது. கடைசலுக்குப் பிடிக்கத் தேவையான மரமும் போய்விடும். தண்டோடு சேர்த்துக் குறுக்கே அறுத்தெடுங்கள். முண்டின் ஓரத்திலிருந்து இரு பக்கமும் 10 முதல் 15 சென்டிமீட்டர் தண்டை விட்டுச் சாக்பீஸால் கோடு போடுங்கள். குறுக்குமுகம்தான் முதலில் வெடிக்கும். வெடிப்பு இந்த 10 சென்டிமீட்டருக்குள் நின்றுவிட்டால் முண்டு தப்பும்.

அறுக்குமுன் தண்டு எங்கே தாங்கி நிற்கிறது என்று பாருங்கள். இரு முனையும் தாங்கி நடு தொங்கினால் மேல்பக்கம் நெருக்கத்தில் இருக்கும், கீழ்ப்பக்கம் இழுபட்டிருக்கும். மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுத்துவிட்டு, மீதியைக் கீழிருந்து மேலாக அறுங்கள். முழுவதும் மேலிருந்தே அறுத்தால் வெட்டுவாய் மூடிக்கொண்டு பாரைக் கவ்விக்கொள்ளும். ஒரு முனை அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தால் நேர் எதிர்: கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு, பிறகு மேலிருந்து மீதி. கீழிருந்து அறுக்கும்போது பாரின் மேல்விளிம்பு வேலை செய்கிறது; அது மெஷினை உங்களை நோக்கித் தள்ளும். தொடையில் ஊன்றி எதிர்த்துப் பிடியுங்கள். மேலிருந்து அறுக்கும்போது மெஷின் மரத்தை நோக்கி இழுக்கும்.

தண்டு முழுவதும் தரையில் படிந்திருந்தால் முக்கால்வாசி அறுத்து, வாயில் பிளாஸ்டிக் ஆப்போ மர ஆப்போ அடித்து, தண்டைப் புரட்டிவிட்டு மீதியை அறுங்கள். இரும்பு ஆப்பு செயினருகே வேண்டாம். மண்ணில் ஒரு நொடி பட்டாலும் செயின் போய்விடும். பாரை வாய் கவ்விக்கொண்டால் மெஷினை இழுத்துப் போராடாதீர்கள். இன்ஜினை அணைத்து, ஆப்பு அடித்து வாயைத் திறந்து எடுங்கள்.

இரண்டாவது வெட்டு: முதுகைத் தட்டையாக்குவது

இப்போது கையில் இருப்பது, ஒரு பக்கம் முண்டு தொங்கும் குட்டைத் தண்டு. இதிலிருந்து முண்டை நீளவாக்கில் பிரிக்கவேண்டும். இந்த வேலையின் மையமே இந்த வெட்டுதான்.

தண்டை உட்காரவைக்க ஒரு தொட்டில் வேண்டும். 4 அங்குலச் சட்டங்கள் இரண்டை இணையாக வைத்து, நடுவில் தண்டு பதியும் அளவு இடைவெளி விட்டு, இரு முனையிலும் குறுக்குக் கட்டை அடித்தால் போதும். தண்டை அதில் படுக்கவைத்து, முண்டு பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும்படி திருப்புங்கள். இரு பக்கமும் ஆப்பு இறுக்குங்கள். முண்டுக்கு அடியிலும் ஒரு கட்டை கொடுங்கள்; பிரிந்தவுடன் அது அந்தக் கட்டைமேல் உட்காரவேண்டும், தரையில் விழக்கூடாது. கையால் பலமாக ஆட்டிப் பாருங்கள். ஆடினால் மறுபடி இறுக்குங்கள்.

கோட்டை எங்கே போடுவது? குறுக்குமுகத்தில் தண்டின் நடுமையம் ஒரு புள்ளியாகத் தெரியும். அதிலிருந்து முண்டுப்பக்கம் 2 முதல் 3 சென்டிமீட்டர் தள்ளிச் செங்குத்தாகக் கோடு போடுங்கள். நடுமையம் முண்டோடு ஒட்டிக்கொண்டு வந்தால் வெடிப்பு அங்கிருந்துதான் ஆரம்பமாகும். அதேசமயம் முண்டுக்கு ரொம்பவும் ஒட்டி அறுக்காதீர்கள். பின்னால் 4, 5 சென்டிமீட்டர் தண்டுமரம் இருந்தால்தான் ஃபேஸ்பிளேட் (கட்டையை லேத்தில் பிடிக்கும் இரும்புத் தட்டு) ஸ்க்ரூ பிடிக்க உறுதியான இடம் கிடைக்கும்.

தண்டின் முனையில் நின்று, பார் தண்டின் நீளத்தோடு இணையாக இருக்கும்படி வைத்து, மேலிருந்து கீழாக இறக்குங்கள். நாரோடு சேர்ந்து அறுப்பதால் நூடுல்ஸ்போல நீள நீளமாகச் சுருள் வரும். அது ஸ்ப்ராக்கெட் மூடிக்குள் அடைத்துக்கொண்டு செயினை நிறுத்திவிடும். பாரை முழுவதும் இணையாக வைக்காமல் 10, 15 பாகை சாய்த்துப் பிடித்தால் சுருள் குட்டையாக வரும். அடைத்தால் இன்ஜினை அணைத்துவிட்டுத்தான் மூடியைத் திறக்கவேண்டும். தண்டு பாரைவிட நீளமாக இருந்தால் ஒரு முனையிலிருந்து பாதி அறுத்து, மறுமுனைக்குப் போய் மீதியை அறுங்கள். வாயில் ஆப்பு வைத்துக்கொண்டே போங்கள். கடைசி 3 சென்டிமீட்டரில் அழுத்தத்தை முழுவதும் விட்டுவிட்டு, மெஷினின் எடையே அறுக்கட்டும்.

தண்டை நிமிர்த்தி நிறுத்திக் குறுக்குமுகத்திலிருந்து கீழாக அறுக்கலாமே என்று தோன்றும். முடியும். ஆனால் செயின் நாரின் தலையை வெட்டவேண்டியிருப்பதால் இரண்டு மூன்று மடங்கு நேரம் எடுக்கும், மெஷின் சூடேறும், உயரமான கட்டை சாயவும் கூடும். படுக்கவைத்து அறுப்பதே எங்கள் தேர்வு.

கண்களைப் பார்த்துத் திட்டமிடுங்கள்

முண்டு இப்போது தட்டை முதுகில் உட்கார்ந்திருக்கும். அவசரப்படாமல் ஒரு பொழுது இதற்குக் கொடுங்கள். பட்டையை ஒரு ஓரத்தில் மட்டும் உரித்துப் பார்த்தால் உள்ளே முள்முள்ளாக நிற்கிறதா, வழவழவென்று அலையாக இருக்கிறதா என்று தெரியும். முள் இருந்தால் கண் இருக்கிறது. ஒவ்வொரு கண்ணும் உள்ளிருந்து வெளிநோக்கி ஓடும் மெல்லிய கோடு. அதைக் குறுக்கே வெட்டினால் வட்டமாகவும், கூடவே வெட்டினால் கீற்றாகவும் தெரியும்.

இதை வைத்துத்தான் கிண்ணத்தின் வாய் எந்தப் பக்கம் என்று முடிவுசெய்யவேண்டும். தட்டை முதுகை வாயாகவும் புடைத்த பக்கத்தை அடியாகவும் வைத்தால், கிண்ணத்தின் வெளிச்சுவர் முண்டின் மேற்பரப்போடு ஏறக்குறைய இணையாக ஓடும். வெளிப்பக்கம் முழுக்க வட்ட வட்டக் கண்களாக நிறையும். புடைத்த பக்கத்தை வாயாக வைத்தால் விளிம்பு முண்டின் இயற்கையான மேடுபள்ளத்தோடு, பட்டையோடு நிற்கும். பார்க்க அற்புதம்தான். ஆனால் மேடும் பள்ளமுமான விளிம்பு சுற்றும்போது கண்ணுக்குத் தெரியாது, விரலில் அடிக்கும். முதல் முண்டுக்கு முந்தைய முறையையே எடுங்கள்.

3 மில்லிமீட்டர் பிளைவுட்டில் 20, 25, 30 சென்டிமீட்டர் விட்டத்தில் வட்டங்கள் வெட்டி வைத்துக்கொண்டு, முண்டின்மேல் நகர்த்தி நகர்த்திப் பாருங்கள். பொந்தும் விரிசலும் வட்டத்துக்கு வெளியே போகும் இடத்தில் நிறுத்தி, நடுவில் ஒரு ஆணியால் பிடிக்கவையுங்கள். முடிக்கப்போகும் கிண்ணத்தைவிட 2, 3 சென்டிமீட்டர் பெரிய வட்டமாக இருக்கட்டும்.

மூலைகளை எடுப்பது

செயின் சாவால் என்றால், தட்டை முதுகை ஒரு பழைய கனத்த பலகையின்மேல் வைத்து, வட்டத்துக்கு வெளியே இருக்கும் மூலைகளில் பலகையின் அடியிலிருந்து ஸ்க்ரூ ஏற்றுங்கள். ஸ்க்ரூ இருக்கும் இடத்தில் மேலே சாக்பீஸால் பெருக்கல் குறி போடுங்கள். வெட்டு அதைத் தொடக்கூடாது. முதலில் எதிரெதிர் மூலைகள், பிறகு மற்றவை என்று எண்கோணமாக்குங்கள். கடைசி மூலைகளுக்கு ஸ்க்ரூவை இடம் மாற்றவேண்டியிருக்கும். பார் கீழே பலகையில் இறங்கினால் பரவாயில்லை, பலகை அதற்குத்தான். கடைசலுக்கு எண்கோணமே போதும்.

பேண்ட் சா (வளையமாக ஓடும் பட்டை ரம்பம்) இருந்தால் வட்டமாகவே எடுக்கலாம். 14 அங்குல மெஷின் பெரும்பாலும் 15 சென்டிமீட்டர் உயரம்தான் அறுக்கும். முண்டின் உச்சியை முதலில் அளந்துகொள்ளுங்கள். அரை அங்குல அகலம், அங்குலத்துக்கு 3 பல் உள்ள பிளேடு ஈரமரத்துக்கும் இந்த வளைவுக்கும் ஏற்றது. தட்டை முதுகு மேசையில் முழுவதும் படியவேண்டும். ஆடினால் ஒரு பிளைவுட்டில் ஸ்க்ரூ போட்டு ஏற்றிக்கொள்ளுங்கள். முதுகு தட்டையாக்காத முண்டை பேண்ட் சாவில் வைக்கவே கூடாது. அடியில் தாங்காத இடத்தில் பிளேடு பட்டவுடன் கட்டையைக் கீழ்நோக்கிச் சுழற்றி இழுக்கும், பிடித்திருக்கும் கையும் சேர்ந்து போகும், பிளேடும் முறியும்.

வெடிக்காமல் காப்பது

சித்திரை வெயிலில் அறுத்த முகம் சில மணிநேரத்தில் மயிரிழையாக வெடிக்கத் தொடங்கும். அன்றே பூசி மூடுங்கள். மெழுகுக் குழம்பு கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் ஃபெவிகாலைக் கெட்டியாக இரண்டு கை பூசலாம். பழைய எனாமல் பெயின்ட்டும் உதவும். பாரஃபின் மெழுகை உருக்கிப் பூசுவதாக இருந்தால் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். நேரடித் தீயில் வைத்தால் மெழுகு தீப்பிடிக்கும். வேம்பு தவிர, வெளிர்மரத்தில் (பட்டைக்கு அடுத்த வெளிர்நிறப் பகுதியில்) உளுப்பு ஏறும் மற்ற மரங்களுக்கு, மூடுவதற்கு முன்பே போராக்ஸ் கரைசல் தடவிக் காயவிடுங்கள். மூடியபின் அது உள்ளே இறங்காது.

நார் எல்லாத் திசையிலும் ஓடுவதால் முண்டு நேரான மரத்தைவிடக் குறைவாகவே வெடிக்கும். வெடிப்பதற்குப் பதில் மேற்பரப்பு தாறுமாறாகச் சுருங்கி நெளியும். இதனால் முழுக் கட்டையாக ஆண்டுக்கணக்கில் காயவைக்காமல், பச்சையிலேயே கரடாகக் கடைந்து வைப்பதே சிறந்தது. சுவர் தடிமன் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு: 25 சென்டிமீட்டர் கிண்ணத்துக்கு 2.5 சென்டிமீட்டர். காகிதப் பையில் போட்டு, காற்று நேரே படாத நிழலில் வைத்து, வாரம் ஒருமுறை எடைபோட்டுப் பையின்மேலேயே எழுதுங்கள். தொடர்ந்து மூன்று வாரம் எடை மாறாவிட்டால் காய்ந்துவிட்டது. ஈரம் ஒட்டிய கடற்கரை ஊரில் மரம் 12, 13 சதவீத ஈரத்துக்குக் கீழே தானாக இறங்குவது அரிது. மீட்டரில் 8 வரட்டும் என்று காத்திருக்கவேண்டாம்.

லேத்தில் ஏற்றும்போது

கட்டில் கால், மத்து, சொப்பு கடைவதில் நார் அச்சுக்கு இணையாக ஓடும், கட்டையும் சமநிலையில் இருக்கும். முண்டு அப்படியல்ல. ஃபேஸ்பிளேட்டைத் தட்டை முதுகில் வைத்து, 30 மில்லிமீட்டருக்குக் குறையாத, தடித்த மர ஸ்க்ரூக்களால் எல்லாத் துளையிலும் பிடியுங்கள். ஜிப்சம் போர்டுக்கு வரும் கறுப்பு ஸ்க்ரூ வேண்டாம். அது வளையாமல் ஒடியும். டெயில்ஸ்டாக்கை (லேத்தின் எதிர்முனையில் கட்டையைத் தாங்கும் பகுதியை) முட்டுக்கொடுத்து, கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்த்து, மெஷினின் மிகக் குறைந்த வேகத்தில் தொடங்குங்கள். உருண்டையாகிச் சமநிலை வந்தபின்னும், விட்டத்தை அங்குலத்தில் எடுத்து நிமிடச் சுற்றால் பெருக்கினால் 6000ஐத் தாண்டாமல் இருக்கட்டும். 12 அங்குலக் கட்டைக்கு அது 500 சுற்று. முழு முகத்தையும் மூடும் கவசம் போடுங்கள், சுழலும் கட்டையின் நேர்கோட்டில் நிற்காதீர்கள். ஒலி திடீரென்று மாறினாலோ டக் டக்கென்று சத்தம் வந்தாலோ உடனே அணைத்துவிட்டு விரிசலைத் தேடுங்கள். மணலாக உதிரும் பட்டைப் பைகளை ஊசியால் நோண்டி வெளியே எடுத்து, மெல்லிய சூப்பர் குளூ ஊற்றி இறுக்கியபின் தொடருங்கள். காய்ந்த முண்டைத் தேய்க்கும்போது என்95 முகக்கவசம் இல்லாமல் உப்புத்தாளைத் தொடாதீர்கள். அழுகல் தொடங்கிய மரத்தின் தூளில் பூஞ்சையும் கலந்திருக்கும்.